தேவையில்லாதவை

கசில்டாவின் முதல் அல்பத்தில்
அவள் ஒருதரம்கூட மூச்சு விடவில்லை.
நான்தான் வெட்டினேன்.
ஒன்பது பாட்டு, முந்நூற்றுப் பதினேழு மூச்சு.
கிளிநொச்சியில், உழவு இயந்திரப் பாகங்கள் விற்கும் கடையின் மேல்மாடியில்,
முட்டைத்தட்டு ஒட்டிய அறைக்குள்
இரவிரவாக.

தெய்வீகக் குரல் என்று ஸ்காபரோவிலிருந்து எழுதினார்கள்.
மண்டபம் எடுத்து, போட்டுக் கேட்டு, அழுதார்களாம்.
காசு போட்டவர் இரண்டாவது கேட்டார்:
அதேமாதிரி,
ஆனால் இன்னும் கொஞ்சம் சோல்.

"சோல் எண்டால்?"
குகப்பிரியன் கீபோர்ட்டில் இரண்டு கட்டைகளை அழுத்தியபடி சொன்னான்:
"கோயிலிலை சேசுவுக்குப் பாடுறதை
வீட்டுக்கு வராத மனிசனுக்குப் பாடுறது."
பிறகு அறையில் யாரும் கொஞ்சநேரம்
எதையும் அழுத்தவில்லை.
கசில்டாதான் செருப்பைக் கழற்றி
அடியைத் திருப்பிப் பார்த்தாள்.
"இதுவும் சோல்தான். தேஞ்சு போச்சு."

முதல் அல்பத்தை அவள் முழுதாகக் கேட்டதேயில்லை.
அன்றைக்குக் கேட்டாள்.
முறிகண்டியில் வாங்கிய கச்சான் சரை கையில்,
ஒன்றையும் உடைக்காமல்,
நாற்பத்திரண்டு நிமிடம்.
ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து
"செத்த பொம்பிளை பாடுறமாதிரிக் கிடக்கு" என்றாள்.
"என்ர மூச்செல்லாம் எங்கை?"

நான் எதையும் அழிப்பதில்லை.
இந்தப் பக்கத்தில் யார்தான் அழிக்கிறார்கள்,
உரப்பையில் கட்டி மூலையில் வைப்போம்.
கணினியில் அதற்கொரு கோப்புறை:
தேவையில்லாதவை.

திறந்தேன்.
சில, குழாய்க்கிணறு தண்ணீருக்கு முன் இழுக்கிற காற்று.
சில, வெளிக்கிட்ட மல்லாவி பஸ்ஸில் ஓடி ஏறியவளுடையவை.
ஒன்றில் இருமலை விழுங்கியிருக்கிறாள்.
மூன்றாம் பாட்டில்
தம்பியின் பெயருக்கு முன் எடுத்த மூச்சு
நான்கு செக்கன் நீளம்.
பெயர் அரைச் செக்கன்.

நிதர்சன் மேசை விளிம்பில் தட்டத் தொடங்கினான்,
அவனை யாரும் கேட்கவில்லை.
அப்படி வந்ததுதான் ஐந்தாவது.
சொல் இல்லை, சுரமும் இல்லை.
"தங்கச்சி, பாட்டு எங்கை? ஃபைல் பழுதோ?"
என்று வட்சப்பில் ஸ்காபரோ.
அவள் பதில் அனுப்பவில்லை.
நீல நிறத்தில் இரண்டு கோடுகள் மட்டும் போயின.

மற்றவை பாட்டுகள்தான்.
செவ்வாய்க்கிழமைகளில் கடன் அறவிட வரும் பெடியனைப் பற்றி ஒன்று.
அவன் நல்ல வடிவு என்பதும் அதில் வருகிறது.
இரணைமடு வயலில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன்
இரவில் லைற்றைப் போட்டுப் போட்டு நூர்க்கிறதைப் பற்றி ஒன்று.
வலது முழங்காலைப் பற்றி ஒன்று,
அதற்குள் என்ன இருக்கிறதென்று சொல்லாமல்.
அழுகையே இல்லை என்றில்லை.
குத்தகைக்கு இல்லை.
தொண்டை கரகரத்த இடத்தில்
என் விரல் தானாக மவுசுக்குப் போகும்,
கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து
அவள் தலையை ஆட்டுவாள்.
எடுத்துவிடுவேன்.

கடைசி நாள்.
ஐந்தாவதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
இரண்டாம் நிமிடத்துக்குக் கிட்ட
ஒரு மூச்சு அவளுடையதில்லை.
கொஞ்சம் கனம். கொஞ்சம் பிந்தி வருகிறது.
எனக்குத் தெரியும், அது எந்த நாள் என்று:
மூன்றாம் பாட்டுக்கு மைக்கைச் சரிசெய்ய உள்ளே போனவன்
அவள் தொடங்கிவிட்டாளென்று
வெளியே வராமல்
கதவோடு நின்ற நாள்.

"இது ஆற்ற?"

"ஜெனரேற்றர்" என்றேன்.

என்னைப் பார்த்தாள்.
"அண்டைக்குக் கரண்ட் இருந்ததெல்லோ."
கீழே கடையில் யாரோ
ஒரு பெல்ற்றின் அளவைக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
அவள் ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு
கண்ணை மூடினாள்.

"சரி.
அந்த ஜெனரேற்றரைக்
கொஞ்சம் கூட்டிவிடு."