பலகைக்கு வாடகை

ஐஸ் லாரியில் வந்தது அது,
சூடைமீன் பெட்டிகளுக்கு மேலே குப்புறப் படுத்து.
கரிமேட்டில் இறக்கிக் கொடுத்தவர்
'என்னங்க, பாடையா?' என்றார்.
வில்லாபுரம் வரை ஆட்டோவில்,
பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு.

பதினோரு மாதம்
கடலோரம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் கிடந்தேன்.
வாடகை மூவாயிரம். கரண்டுக்குத் தனி.
உப்பில் பூட்டு இறுகும். சட்டை காயாது.
காதுக்குள் போன தண்ணீர்
மறுநாள் சோற்றுத்தட்டில் சொட்டும்.
அலைமேல் எழுந்து நிற்க நாற்பது நாள் ஆயிற்று.
நின்றது மூன்று நொடி.
அந்த மூன்று நொடிக்காகத்தான்
இன்சூரன்ஸ் வேலையை விட்டேன் என்று
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

காசு தீர்ந்தது, வந்துவிட்டேன்.

மொட்டைமாடியில் சும்மா கிடந்த பலகையில்
கீழ்வீட்டு ரமாபாய் கூழ்வற்றல் பிழிந்தார்.
கத்திரி வெயிலில் மெழுகு உருகி
வற்றலெல்லாம் தேங்காய் வாசம்.
'இந்த வருசம் எண்ணெயே குடிக்கலை தம்பி'
என்று ஒரு டப்பா தந்தார்.
தின்று தீர்த்தேன்.

புரட்டாசிக் கடைசியில் லிபோன்ஸ் வந்தான்,
அறைக்காரர் மகன், எனக்கு நிற்கக் கற்றுத்தந்த பயல்.
அறையைக் கடல் கொண்டுபோய்விட்டதாம்.
'கதவு மட்டும் கெடக்குண்ணே.
பூட்டு இப்பவும் தொறக்கலை.'
பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் அவனுக்கு வேலை.

ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று
வைகையை வெகுநேரம் பார்த்தான்.
கோரை. இரண்டு எருமை. நடு ஆற்றில் கிரிக்கெட்.
'நீவாடு எந்தப் பக்கம்ணே?'
கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.
கிழக்கே கை காட்டினேன்.
'அப்ப எங்க பக்கந்தான்.'

ராத்திரி பாய் வேண்டாமென்று
வற்றல் துகளைத் தட்டிவிட்டுப் பலகையில் சாய்ந்தான்.
'வாடகை எவ்வளவுண்ணே?'
'மூவாயிரம். கரண்டுக்குத் தனி.'
இருட்டில் இருவரும் சிரித்தது
ரமாபாய்க்குக் கேட்டிருக்கும்.

விடியுமுன் உலுக்கினான்.
'கச்சான் செத்துருச்சுண்ணே. கொண்டல் வருது.'
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
கொசுவத்திப் புகை நேராகத்தான் நின்றது.

ஏழு மணிக்கு
எதிர் செல்போன் கடைக் கொடிகள்
ஒவ்வொன்றாக மேற்கே சாய்ந்தன.
அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.
பலகையின் மூக்கைக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டு
டிபன் சாப்பிடாமல்
டைல்ஸ் கடைக்குப் போய்விட்டான்.