ஜீரோ பாத்துக்குங்க

காலை ஆறு மணிக்கு எண் மாறும்.
யாரும் தொடாமல், சத்தமில்லாமல்
பங்கின் நெற்றியிலிருக்கும் சிவப்பு எண்
முப்பத்தைந்து பைசா தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.
தண்டையார்பேட்டையில் அதை முதலில் பார்ப்பவள் நான்.
சட்டையில் குத்தியிருக்கும் பெயர் கற்பகவல்லி.
எனக்கு முன் நின்ற பெண்ணுடையது அது.
எனக்கு இன்னும் அடித்துத் தரவில்லை.

"இன்னா கற்பகம், மறுபடி ஏத்திட்டியா?"
என்பார் டில்லிபாபு அண்ணன்,
ராத்திரி முழுக்க யோசித்து
விடிவதற்குள் நானே ஏற்றிவிட்டதுபோல.
டோல்கேட்டிலிருந்து பாரிமுனை வரை
ஓடுகிறது அவருடைய ஷேர் ஆட்டோ.
எட்டுப் பேர் ஏறினால் கிளம்பியவர்
இப்போது பத்துக்குக் காத்திருக்கிறார்.
டிரைவர் சீட்டில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்,
நடுவில் அவர்
தன் வண்டியில் தானே தொற்றிக்கொண்டு.

எல்லோரும் கேட்பது நூறு ரூபாய்க்குத்தான்.
பல வருஷமாக அதே நூறு.
ஒரு லிட்டரைத் தாண்டிப் போய் நின்ற கணக்கு
இப்போது ஒன்றைத் தொடாமலே நிற்கிறது.

அடிக்கும் முன் சொல்ல வேண்டும்:
ஜீரோ பாத்துக்குங்க.
ஒரு ஷிப்டுக்கு முந்நூறு முறையாவது.
பெற்ற மகளைக்கூட
நான் அத்தனை முறை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நேற்று ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பை.
முப்பத்தேழு ரூபாய், பாதி சில்லறை.
பின்னால் ஹாரன்.
அடித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:
"குழாயைக் கொஞ்சம் உதறும்மா."
உதறினேன்.
மூன்றாவது சொட்டு விழும்வரை
இரண்டு பேரும் குனிந்து
டேங்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து
மணலி ஆலையின் நெருப்பு தெரியும்.
காயப்போட்ட துணியில் அதன் வாடை.
தெருவுக்கு அடியில் குழாய் போகிறதென்பார்கள்.
ஒரு வருஷம் பக்கத்துத் தெரு போரில்
தண்ணீரோடு எண்ணெயும் வந்ததாம்.
அன்றைக்கு மட்டும் யாரும் விலை சொல்லவில்லை.
தலைக்கு மேல் புகை, காலடியில் குழாய்,
நடுவில் நாங்கள்
பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்துபோகிறோம்.

ஸ்கூல் வேன் பரசுராமன் வாய்ஸ் அனுப்பியிருக்கிறார்:
"அடுத்த மாசத்துலேர்ந்து இருநூறு சேத்துக் குடுங்க மேடம்,
என் கையில ஒண்ணும் இல்ல."
எனக்குத் தெரியும்.
அவர் வண்டிக்கு அடிப்பதே நான்தான்.
நான் அவருக்கு அடிக்கிறேன், அவர் எனக்கு அடிக்கிறார்.

காசிமேட்டில் மீன் விலை கேட்டால்
போட்டுக்கு டீசல் என்கிறாள் ஸ்டெல்லா.
தக்காளிக்காரன் லாரி வாடகை என்கிறான்.
கீரைக்காரம்மா தலையில் சுமந்துதான் வருகிறது.
கட்டுக்கு ரெண்டு ரூபாய் அதுவும் ஏற்றியது.
"உன் கூடைக்குமா பெட்ரோல்?" என்றேன்.
"நான் துன்ற சோறு மட்டும்
நடந்தா வருது?" என்றது.

வீட்டுக்காரர் எக்ஸெல் வண்டியில் மேம்பாலம் ஏறி
உச்சியில் எஞ்சினை அணைத்துவிடுவார்.
இறக்கம் இலவசம்.
ஒரு நாள் பிரேக் பிடிக்காமல்
தண்ணி லாரி ஓரமாக உரசி வந்தவர்,
முட்டியில் ரத்தத்தோடு
"இன்னிக்கு நாலு ரூபா மிச்சம்" என்றார்.
சிரித்தேன். பிறகு சமையற்கட்டுக்குள் போய்
காலி எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி
உள்பக்கத்தை தோசைக்கல்லில் தேய்த்தேன்.
மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"உன் தலைமுடி முழுக்க பங்க் வாசனைம்மா,
அதையும் பிழிஞ்சுடேன்."

மறுபடி ஆறு மணி.
எண் மாறிவிட்டது.
சாலையில் ஒரு வண்டியும் இல்லை,
குப்பை லாரிகூட இன்னும் வரவில்லை.
இந்த விலை இந்த ஒரு நிமிஷம்
எனக்கு மட்டும் தெரியும்.
யாரிடமும் சொல்லாவிட்டால்
ஏறாமலே போய்விடுமோ என்று
பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு.

டில்லிபாபு அண்ணன் எஞ்சினை அணைத்து
வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.
"இன்னிக்கு எவ்ளோ?"

நான் குழாயைக் கையில் எடுக்கிறேன்.
ஜீரோ பாத்துக்குங்கண்ணா.