கட்டம் ஐந்து

காலையில் வடக்கே பூமி அதிர்ந்தது.
சோலில் எங்கள் ஏழாம் மாடியில்
காகிதக் கோப்பையின் காப்பி
ஒரு வளையம்கூடப் போடவில்லை.
பன்னிரண்டு மணிக்குள் கேள்வித்தாள் வந்துவிட்டது.

வணக்கம், நான் தாக் மிரியோங்,
கருத்துக் கணிப்பு, மூன்று நிமிடம் போதும்.
இந்த அணுச் சோதனை உங்களுக்கு
மிகுந்த கவலை தருகிறதா, ஓரளவு கவலையா,
அவ்வளவாக இல்லையா, அறவே இல்லையா?

ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு: தெரியவில்லை.
அதை நாங்கள் வாசித்துக் காட்டக் கூடாது.
அவர்களாகவே வந்து விழ வேண்டும்.

தேகுவில் ஒருவர் பாதிக் கேள்வியில் வைத்துவிட்டார்.
இன்ச்சோனில் ஒருத்தி, பரிசுக் கூப்பன் உண்டா என்றாள்.
இல்லை என்றதும், அறவே இல்லை என்றாள்.
எதைச் சொன்னாளோ, நான்கில் போட்டேன்.

டாக்சிக்காரர் ஒருவர்
நாமும் ஒன்று செய்து வைத்துக்கொண்டால் என்ன என்றார்.
அது பன்னிரண்டாம் கேள்வி, கொஞ்சம் பொறுங்கள்.
பொறுக்கவில்லை.
பின்னிருக்கையில் இருந்தவர் அவரோடு சண்டைக்கு வந்தார்.
மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது.
விதிப்படி ஓட்டுநரின் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

யாங்கு மலைமுகாமில் மகனை விட்டிருக்கும் ஒரு தாய்,
மிகுந்த கவலை, என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டு
என்னைக் கேட்டாள்:
வெள்ளிக்கிழமை விடுப்பை ரத்துசெய்வார்களா?
மாட்டு விலா வாங்கி ஊறப்போட்டுவிட்டேனே.

பல் மருத்துவர் சொன்னார்,
போன சோதனைக்கும் நீதானே கேட்டாய்.
நான்தான்.
அப்போது என்ன சொன்னேன்?
அது என்னிடம் இல்லை, ஐயா.
அதையே போட்டுக்கொள்.

மீன்கஞ்சிக் கடைக்காரி சிரித்தாள்:
வெள்ளம் தலைக்கு மேல் போய் எத்தனை வருஷமாயிற்று!
சாணா முழமா என்று அளந்துவரவா
உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

ஆமாம் அம்மா.
எண்ணுவதுதான் என் வேலை,
எண்ணிப் பார்ப்பது அல்ல.

நாலேகால் மணிக்குச் சொக்சோ துறைமுகம்.
பெயர் கேட்பதில்லை நாங்கள்; அவராகவே சொன்னார்:
பியோ கில்நாம், எண்பத்தெட்டு.
கணவாய் காயும் கயிறுகள் காற்றில் கம்பத்தை அடித்துக்கொண்டிருந்தன.
எந்த மாவட்டத்தில் வெடித்தார்கள்?
செய்தியில் பார்த்ததைச் சொன்னேன்.
அதற்கு இந்தப் பக்கம் ஓர் ஆறு ஓடும்,
ஆற்றங்கரையில் என் தம்பி வீடு,
நான் பார்த்தபோது மண்சுவர்.
விழுந்திருக்குமா?
ஐயா, ஒன்று முதல் நான்குக்குள் ஏதாவது...
விழுந்திருக்குமா என்று கேட்கிறேன்.

ஐந்தில் போட்டேன்.
பால், வயது, மாகாணம் எல்லாம் சரியாக இருந்தது.
அறுபதுக்கு மேல் ஆண்கள் இன்னும் இரண்டு பேர் வேண்டும்,
மேற்பார்வையாளர் விரல் காட்டினார்.

மறுநாள் இரவு முடிவுகள் வந்தன.
ஒரு தொலைக்காட்சியில், கலங்காத மக்கள்.
இன்னொன்றில், பீதியில் மக்கள்.
இரண்டிலும் ஒரே சதவீதம், என் எழுத்துப் பிழைகூட ஒன்றே.
தெரியவில்லை என்றவர்களைச் சாம்பல் நிறத்தில்
திரையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வைத்திருந்தார்கள்.
அதற்குள்ளே ஒரு மண்சுவர், ஓர் ஆறு.

ஒரே எண்ணை இரண்டாம் முறை அழைக்கக் கூடாது.
அது நிறுவனத்தின் பேசிக்குத்தான் விதி என்று
பேருந்து நிறுத்தத்தில் நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.
உள்ளங்கையில் மை பாதி கலைந்திருந்தது,
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா.
தம்பியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்கலாம்.
கேட்டு?
அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒன்றைப் போட்டேன், ஒரு சலவைக்கடை.
ஏழைப் போட்டேன்.
அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மதியமே தொடங்கிவிடுவோம்.
எதிர்க் கட்டடத்து நிறுவனம் மாலை ஆறு மணிக்கு.