முதற் கடவை

ஹவென்ஸ்டைன் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போதுதான்
பேராசிரியர் "ஆகவே" என்பார்.
திரையில் உறைந்த வாய், பாதி தூக்கிய கை.
எட்டுக் கிலோமீட்டர் இருட்டுக்குப் பிறகு
டெக்னாவில் அவர் திரும்பி வரும்போது
பாடம் வேறு பக்கத்தில் நிற்கும்.
இரண்டு வருடமாக
'ஆகவே'க்கு முன்னால் உள்ளதையும்
பின்னால் உள்ளதையும் மட்டும் படித்து வருகிறேன்.

லீஸ்டாலில், முதியோர் இல்லத்தில்,
எழுபத்திரண்டு பேருக்கு வாரப் பெட்டி நிரப்புவது என் வேலை.
காலை மஞ்சள் மூடி, மாலை நீலம், இரவு சாம்பல்.
கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.
எது யாருக்கு என்பதோடு நிறுத்துங்கோ,
ஏன் என்பது உங்கள் வேலையல்ல
என்றார் பிரிவுத் தலைவி,
கோபமாக அல்ல, மணிக்கூட்டைப் பார்த்தபடி.
அந்த ஒரு 'ஏன்'னுக்காக
ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத்
தவணை தவணையாகக் கட்டுகிறேன்.

முதல் பருவத்தில் படித்தது:
விழுங்கிய மருந்து நேரே இரத்தத்துக்குப் போவதில்லை.
குடல் கொஞ்சம் கிள்ளும்.
பிறகு ஈரல், சுங்கக்காரன் மாதிரி,
பெட்டியைத் திறந்து தன் பங்கை எடுத்துக்கொண்டுதான்
மிச்சத்தை விடும்.
சில மருந்துகளில் நூற்றுக்குப் பத்துத் தேறினால் பெரிது.
ரயிலில் தனியாகச் சிரித்துவிட்டேன்.
எதிரே இருந்தவர் இடம் மாறினார்.

நானும் இருபத்துநான்கு மணித்தியாலம் விழுங்குகிறேன்.
வேலை கிள்ளியது, பயணம் கிள்ளியது,
ஆரணனின் பின்னக் கணக்கு,
ஜெயரூபனின் இரவு வேலைக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு,
வவுனியாவிலிருந்து மச்சாள் எடுக்கும்
முக்கால் மணி நேர அழைப்பு.
புத்தகம் வரை வந்து சேர்வது ஐம்பது நிமிடம்.
அதில் பதினைந்து கண் சொக்கும்.

பரீட்சை விதி: அறையில் தனியாக இருக்க வேண்டும்.
எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை கிடையாது.
பகலில் நித்திரை கொள்ளும் ஒருவர்,
பகல் முழுக்க விசிலடிக்கும் ஒருவன்.
ஆகவே
(இந்த ஒன்று எனக்குக் கிடைத்தது)
கீழ்மாடிச் சலவை அறை.
துணி மடிக்கும் மேசை, மேலிருந்து கொண்டுபோன கதிரை.
ஒல்டனில் சலவை அறைக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு.
மற்றப் பாவங்களை மறந்தாலும்
அதை மீறியவளை மறக்க மாட்டார்கள்.
வியாழன் என்னுடையதல்ல.

கமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னது ஒரு குரல்.
சுவர், குழாய், இரண்டு மெஷின்.
அது என்ன? சவர்க்காரத் தூள்.
மேசைக்குக் கீழே? யாரோ தொலைத்த ஒற்றைக் காலுறை.
சரி, தொடங்கலாம்.
கண் திரையை விட்டு விலகினால் எச்சரிக்கை வரும்.

ஒன்பதாம் கேள்வியில், கமராவுக்குப் பின்னால், கதவு.
நான் பார்க்கவில்லை.
செருப்புச் சத்தத்தில் ஃப்ராவ் நுஸ்பௌமர் என்று தெரிந்தது.
எண்பத்தொரு வயது. வியாழன் அவருடையது.
கூடை கதவில் உரசிய சத்தம்.
பிறகு, மெல்ல, மெல்ல, பூட்டு விழுந்த சத்தம்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன்.
படியில் இருந்தார், மடியில் அழுக்குத் துணிக் கூடை.
பாடமாக்கி வைத்திருந்த ஜெர்மன் மன்னிப்பை நான் தொடங்க,
"இரண்டு பேர் வந்தார்கள்" என்றார்.
"பாய்லர் பழுது என்று அனுப்பிவிட்டேன்.
என்ன கேட்டார்கள்?"

ஒன்பதாம் கேள்வியைச் சொன்னேன்.
கிரேப்ஃப்ரூட் சாறு, எங்கள் பம்பளிமாசின் சொந்தக்காரன்,
குடலில் கிள்ளும் அந்தக் கையைக் கட்டிப்போடும்.
அளந்து கொடுத்த மருந்து அளவு மீறி உள்ளே போகும்.
"காலையில் நான் அதைத்தான் குடிக்கிறேன்,
கொழுப்புக் குளிசையோடு" என்றார்.
எந்தக் குளிசை? பெட்டியைக் கொண்டுவாங்கோ.
எல்லாவற்றுக்கும் அது கூடாது, சிலவற்றுக்குத்தான்.
நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

"ஏன்?" என்று கேட்டார்,
படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு.

முதலில் அவருடைய துணியை மெஷினில் போட்டேன்.
பிந்திப்போன அவர் வியாழன் சுழலத் தொடங்கியது.
பிறகு பக்கத்தில் இருந்து
ஈரலிலிருந்து தொடங்கினேன்.