நாற்பது கவுண்ட்

காசிமேட்டு இறால் ஷெட்டில் எனக்குக் கண்தான் தராசு.
கிலோவுக்கு இருபது நிற்பது ஒரு கூடை,
நாற்பது நிற்பது ஒரு கூடை,
அதற்கும் பொடி என்றால் லோக்கல்.
யோசிக்க மாட்டேன்.
யோசித்தால் ஐஸ் உருகும்.

மோனிஷாவின் பள்ளியிலும் நாற்பதுதான்.
பதினொன்றாம் வகுப்பில் தனி செக்‌ஷன்,
சுற்றுகிற ஃபேன், ஏழு மணி வரை பிசிக்ஸ்,
நடுவில் ஒரு கை சுண்டல்.
அமலோற்பவம் டீச்சர் தொடங்கியபோது
ஆறே பிள்ளைகள், லேப் ஸ்டூலில்.
அதில் ஒருத்தி டாக்டருக்குப் படிக்கப் போனாள்,
தண்டையார்பேட்டை மார்க்கெட் வரை ஃப்ளெக்ஸ்.
மறு வருஷம் வாசலில் முந்நூறு பேர்.
டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார்.
வேறென்ன செய்வார்?

என் மகள் முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்று யுவனேஷ், எழில் நகர்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நின்ற அன்று
பெட்டிக்கு அடியில் குனிந்து வந்தவன்.
பதினேழு நிமிஷம் லேட்.
முழங்கையில் கிரீஸோடு எழுதினான்,
கடைசிப் பக்கம் வெள்ளை.

அவன் அம்மா தேவகி எனக்கு எதிர் டேபிள்.
ஒரே குழாயில் கை கழுவுகிறோம்.
ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள்.
கேட்டிருக்கலாம்.

ஜூலையில் கலந்தாய்வு, டீச்சருக்குப் பொன்னேரிப் பக்கம் மாறுதல்.
பீரோ சாவியையும்
சொந்தக் காசில் வாங்கிய மார்க்கர் டப்பாவையும்
மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் பிடித்துப் போனார்.
குணசீலன் சார் வந்தார்.
'சிறப்பு வகுப்பு' போர்டைத் தானே ஸ்டூல் போட்டுக் கழற்றி
அதே மேஜையில் கவிழ்த்து வைத்தார்.
பரீட்சை வேண்டாம், வருகிறவன் உட்காரட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம்.
நானும் மெம்பர்.
"எல்லாரும் ஏறினா போட்டு கவுந்துடும் சார்" என்றார் ஒருவர்.
"உம் புள்ள ஏறிக்கிச்சு, அதான் பேசுற" என்றது பின்வரிசை.
கணக்கு வாத்தியார் எழுந்தார்:
இருப்பது நான் ஒருவன்,
நாற்பதுக்கே தொண்டை போகிறது,
நூற்றிருபது என்றால் மைக் வாங்கித் தாருங்கள்.
எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
டீச்சர் இருந்தால் இப்படி நடக்குமா என்று யாரோ அழுதார்கள்.
டீச்சர் இருந்தபோதும் அழுதவர்கள் இருந்தார்கள்,
அவர்கள் வாசலுக்கு வெளியே.
பேசியவர்கள் எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள்.
அதுதான் எரிச்சல்.

முந்தைய ராத்திரி மோனிஷா கேட்டாள்,
"எல்லாரையும் சேத்தா என் சீட்டு போவாதுல்ல?"
லைட் அணைத்த பிறகு, சுவரைப் பார்த்தபடி,
"யுவனேஷ் கணக்குல என்னைவிட நல்லா போடுவான்மா."

கை தூக்கச் சொன்னார்கள்.
பரீட்சை வேண்டும் என்பவர்கள். பிறகு, வேண்டாம் என்பவர்கள்.
இறால் முள் குத்தி வீங்கிய என் விரல்,
எந்தக் கூடை என்று என்னைக் கேட்காமலே அறிந்த விரல்,
இரண்டு தடவையும் மடியிலேயே கிடந்தது.
இந்தப் பக்கம் எண்ணிக்கையும் அந்தப் பக்கம் எண்ணிக்கையும் ஒன்று.
நோட்டை நீட்டினார்கள்:
ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது,
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்க.
கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை விடியலில் ஷெட்.
கூடைகளுக்கு மேலாக தேவகி முதல்முறையாகக் கேட்டாள்,
"இன்னா ஆச்சு கூட்டத்துல?"
என் உள்ளங்கையில் ஓர் இறால்,
இருபதும் இல்லை நாற்பதும் இல்லை என்கிற மாதிரி.
"இன்னாமா அங்க லேட்டு?" சூப்பர்வைசர் கத்தினான்.
"கேட்டு மூடியிருக்கு" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
தேவகி குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்,
என்னைவிட வேகமாக.