படி வேண்டாம்

போன வருஷம் மார்ச்சில்
முழங்கால் வீங்கிக் கிடந்த வாரம்
செயற்கை உதவியாளுக்கென்று ஒரு கோப்பு திறந்து
என்னைப் பற்றி எழுதி வைத்தேன்.
பெயர் தொமிதிலா. வயது ஐம்பத்திரண்டு.
பொய்ப்பல் செய்கிற வேலை.
கொத்தமல்லி ஆகாது.
சுற்றி வளைக்காதே, நேரே விஷயத்துக்கு வா.
எவுலோகியோவின் பிறந்தநாளை நினைவூட்டாதே.
வலது கால் சரியில்லை: படி வேண்டாம்.

வல்பராய்சோவில் இருந்துகொண்டு
படி வேண்டாம் என்பது
கடலில் இருந்துகொண்டு ஈரம் வேண்டாம் என்பது.
ரொட்டிக்கடைக்கு நூற்றறுபத்து நான்கு படி.
இங்கே கல்லறைக்குப் போவதென்றாலும்
ஏறித்தான் ஆக வேண்டும்.

அது கேட்டுக்கொண்டது,
ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி இல்லாமல்.
இரண்டு பேருந்து, ஒரு கூட்டு டாக்சி,
சரிவில் கயிறு இழுக்கும் தகரப் பெட்டி என்று
ஊரைச் சுற்றி எனக்கொரு ஊர் போட்டுக் கொடுத்தது.
ரொட்டி வாசலுக்கு வந்தது. மீனும்.
பல்லுக்குப் பிசின் விற்கிறவன்கூட
கீழ்த்தெருக்காரனாகப் பார்த்துக் கொடுத்தது.
சொன்னபடி. எழுதினபடி. கேட்டபடி.
எத்தனை படி பாருங்கள்,
படி இல்லாத ஊரில்.

கால் எப்போது ஆறியது, தெரியாது.
வலி வந்த நாளுக்குத்தான் தேதி.
கோப்பில் அது வீங்கியபடியே இருந்தது.

நேற்று தகரப் பெட்டி ஓடவில்லை.
போனில் சார்ஜ் இல்லை.
கையில் டப்பா, அதில் தோன் ஆர்தெமியோவின் கீழ்வரிசை.
இன்று அவர் மகளுக்குக் கல்யாணம்,
மனிதர் இறைச்சி கடிக்க வேண்டும்.
ஏறினேன்.

நாற்பதாவது படியில் நின்று
வலிக்காகக் காத்திருந்தேன்,
வாடகைக்காரனுக்குக் காத்திருப்பதுபோல்.
வரவில்லை.
எழுபதில் ஒரு நாய் சேர்ந்துகொண்டது.
நூற்றுப் பத்தோ என்னவோ, எண்ணிக்கை விட்டுப்போன இடத்தில்
எவுலோகியோ சன்னலுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்,
அதே அசட்டு மஞ்சள்.
"ஊரை விட்டுப் போய்விட்டாய் என்று சொன்னார்களே?"
யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.
எதற்குச் சண்டை போட்டோம் என்பதைக்
கோப்பில் எழுதி வைக்கவில்லை;
எனக்கும் பாதிதான் ஞாபகம்.
முழங்கையில் மஞ்சளோடு கீழே இறங்கினேன்.

அச்செடுத்த அன்றைய வாய்க்குத்தான் பல் பொருந்தும்,
ஈறு சுருங்கும்,
வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று
இருபத்தாறு வருஷமாய் எல்லோருக்கும் சொல்கிறேன்.
ஒருத்தரும் வருவதில்லை,
தள்ளாடும் பல்லோடு பழகிக்கொள்கிறார்கள்.

ராத்திரி கோப்பைத் திறந்தேன்.
கொத்தமல்லி இருக்கட்டும், இன்னும் ஆகாது.
படியை அழித்தேன்.
எவுலோகியோவின் வரியில்
கடைசி இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டுக்
கொஞ்சம் ஒட்டுப்போட்டேன்:
நினைவூட்டு.

தேதி என்ன, என்றது அது.
நேரே விஷயத்துக்கு.

ஒரு வருஷமாய் எந்த நாளை மறைத்து வைத்திருந்ததோ
அந்த நாள் அதனிடம் இருந்ததே இல்லை.
என்னிடமும் இல்லை; குளிர்காலம், ஜூனாக இருக்கும்.

நாளைக்கு ஏறிப்போய்க் கேட்க வேண்டும்.
மறந்துவிட்டாயா என்று
அதற்கொரு சண்டை வரும்.