அடியில் கிடந்தது

"கராம்பு போட்டனியோ?"
மதிலுக்கு அந்தப் பக்கம் பெர்னதெத் அக்கா.
போட்டேன்.
செத்தல் மிளகாய், காய்ந்த வேப்பிலை,
துணியில் முடிந்த உப்புக்கட்டி,
பாலையூற்றில் யார் எதைச் சொன்னாலும்
எல்லாம் போட்டேன்.
அரிசி இப்போது மருந்துக்கடை மாதிரி மணக்கிறது.
வண்டுக்கு ஒரு குறையுமில்லை.

எமிலுக்குச் சீனக்குடாவில் மா ஆலையில் வேலை.
பகலெல்லாம் அரிதட்டில் வண்டு எண்ணுகிற மனிசன்,
கிலோவுக்கு இத்தனை என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.
வீட்டுச் சோற்றில் கறுப்பாய் ஒன்று கிடந்தால்
சீரகம் என்று ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்.
கேட்டால்,
"சம்பளம் தா, எண்ணுறன்."

மாரியில் கடல் வீட்டுக்குள் வரும்,
தண்ணீராய் அல்ல, ஈரமாய்.
சீனி கல்லாகும். உப்பு அழும்.
எறும்புக்குப் பயந்து
அலமாரிக் கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன்.
நுளம்பு முட்டையிட்டது.
பீ.எச்.ஐ. வந்து ஏசிவிட்டுப் போனார்.

நேற்றுத்தான் வெயில் எறித்தது.
நீலப் பரலை முற்றத்துப் பாயில் கவிழ்த்தேன்.
வண்டுகள் நாலாபக்கமும் நடந்தன,
அவசரமில்லாமல்.
மேலே போன மாதத்துத் தம்பலகாமத்து அரிசி.
அதற்குக் கீழே பாஸ்குவுக்கு வாங்கியது.
அடியில், பையோடு,
நாங்கள் வரிசையில் நின்ற வருசத்து அரிசி.
ஐந்து கிலோ. விலைத்துண்டும் ஒட்டியபடி.

காஸுக்கு நின்றோம், மண்ணெண்ணெய்க்கு நின்றோம்.
அரிசி வந்துவிட்டதென்று யாரோ சொல்ல
செருப்பில்லாமல் ஓடினேன்.
வாங்கி வந்து ஒளித்தேன்,
எமிலுக்கும் சொல்லவில்லை.
பிறகு அரிசி தாராளமாய் வந்தது.
ஒவ்வொரு முறையும் புதிசை மேலே கொட்டினேன்,
சுண்டு அடியைத் தட்டமுதல் மறுபடி கொட்டினேன்.

பையைப் பிரித்தேன்.
ஒரு அந்து பறந்து முகத்தில் மோதியது.
உள்ளே அரிசி இல்லை.
தோல், மா, நூல் நூலாய்ப் பின்னிய வலை,
ஒரு முழு ஊர்.
தலைமுறை தலைமுறையாய்
பசி தெரியாத சனம்.

கோழிகளுக்கு வீசினேன்.
பரலைக் கழுவிச் சரித்து வைத்தேன்.
பின்னேரம் எமில் வந்து அதில் தட்டிப் பார்த்தார்,
கோயில் மணி போல நீளமாய்க் கேட்டது.
கடையில் இரண்டு கிலோ, இரண்டே கிலோ வாங்கினேன்.

இரவு இரண்டு தரம் எழும்பிப் போய்
மூடியைத் திறந்து பார்த்தேன்.
"என்னப்பா?" என்றார் இருட்டில்.
வண்டு பார்த்தேன் என்றேன்.